வாய் பொத்துவதா கல்வி?

பள்ளிக்கூடங்களிலே பேச்சுப் போட்டி நடத்துகிறார்கள். தலைப்பு பத்து நாள் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆசிரியர் எழுதித் தருகிறார். அண்ணனோ அக்காளோ திருத்தித் தருகிறார். பிள்ளை மனப்பாடம் செய்கிறது. மேடையேறி, அவையோர்க்கெல்லாம் வணக்கம் கூறி, மூச்சு விடாமல் மூன்று நிமிடம் முழங்குகிறது. நடுவே ஒரே ஒரு சொல் மறந்துவிட்டால் போதும்; கண் கலங்குகிறது, கால் நடுங்குகிறது, மேடையை விட்டு இறங்கிவிடுகிறது. ஏன்? அந்தப் பிள்ளை அதுவரை பேசவில்லை, ஒப்பித்தது. சொந்தச் சரக்கு வைத்திருப்பவனுக்கு ஒரு சொல் தவறினால் மறு சொல் கிடைக்கும். இரவல் சரக்குக்காரனுக்கு ஏது?

பிள்ளையைக் குறை கூற அல்ல, இதை நாம் குறிப்பிடுவது. பாடத்தை முடிக்கவே நேரம் போதாமல் தவிக்கும் ஆசிரியரைச் சாடுவதற்கும் அல்ல. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. தான் நினைப்பதை எடுத்துச் சொல்லி, காரணம் காட்டி, எதிரே இருப்பவனின் ஐயத்தைப் போக்கி, அவனை இணங்கவைக்கும் ஆற்றலை ஏழையின் பிள்ளைக்கு நம் கல்வி எப்போது தரப்போகிறது?

"சோற்றுக்கும் வேலைக்கும் வழி கேட்காமல் பேச்சுக்கு வழி கேட்கிறீர்களே!" என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். சோற்றுக்கும் வேலைக்கும் வழி கேட்கவேனும் வாய் வேண்டாமா? ஆலையிலே கூலி குறைந்தால் மேலாளரிடம் சென்று கணக்குக் கேட்பவன் யார்? பேசத் தெரிந்தவன். வட்டாட்சியர் அலுவலகத்திலே நாளை வா என்று விரட்டும்போது, எந்த விதிப்படி என்று திருப்பிக் கேட்பவன் யார்? பேசத் தெரிந்தவன். நியாயம் தன் பக்கம் இருந்தும் அதைச் சொல்லத் தெரியாத காரணத்தாலேயே தோற்றுத் திரும்பிய உழைப்பாளிகள் எத்தனை ஆயிரம்! நியாயத்துக்கு வாய் கிடையாது. அதற்கு மனிதன்தான் வாயாக வேண்டும்.

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பயிற்சி உணவு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. வழக்கறிஞரான தந்தை, அதிகாரியான மாமன், வந்து போகும் பெரிய மனிதர்கள் — இவர்கள் நடுவே வளரும் பிள்ளை, கேட்கவும் மறுக்கவும் தானாகவே கற்கிறது. பெருந்தொகை வாங்கும் பள்ளிகளிலோ சொற்போர் மன்றம் உண்டு, மாதிரி நாடாளுமன்றம் உண்டு, பயிற்றுநர் உண்டு. விடிந்ததும் வேலைக்குப் போய் விளக்கு வைத்தபின் வீடு திரும்பும் கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன உண்டு? பள்ளி ஒன்றுதான் உண்டு. அந்தப் பள்ளியிலே முதல் நாள் முதல் பாடம் என்ன? கையைக் கட்டு! வாயில் விரல் வை!

தோழர்களே, இந்தக் கோலத்தை வேறெங்கோ பார்த்த நினைவு வரவில்லையா? கைகட்டி வாய்பொத்தி நிற்பது, பண்ணையார் வீட்டு வாசலிலே நம் பாட்டன் நின்ற கோலம் அல்லவா? தோளிலே கிடந்த துண்டை இடுப்பிலே கட்டிக்கொண்டு, மூச்சுக்காற்றும் ஆண்டையின் மீது படாமல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நின்ற கோலம் அல்லவா? துண்டு தோளுக்கு ஏறியது. அதற்கு ஓர் இயக்கமே தேவைப்பட்டது. வாயை மறைத்த கை முழுதும் இறங்கிவிட்டதா? வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் ஐயம் எழத்தான் செய்கிறது. வகுப்பிலே ஒழுங்கு வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒழுங்கு வேறு, ஊமைத்தனம் வேறு. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது ஒழுங்கு. ஒருவரே பேச மற்ற நாற்பது பேரும் என்றென்றும் ஊமையாய் இருப்பது ஒழுங்கு ஆகாது, அடக்குமுறையே ஆகும்.

வள்ளுவர் சொல்வன்மைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். 65ஆவது அதிகாரமாக, பொருட்பாலிலே, அமைச்சருக்குரிய தகுதிகளோடு அதை வைத்தார். முடியாட்சிக் காலத்திலே நாட்டின் போக்கை முடிவு செய்தவர் மன்னர். அவரை இணங்கவைக்க வேண்டியவர் அமைச்சர். ஆகவே அமைச்சருக்குச் சொல்வன்மை போதுமென்று இருந்தது. மக்களாட்சியிலே முடிவு செய்பவர் யார்? வாக்குச்சீட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும். அப்படியானால் ஒவ்வொருவருக்கும் சொல்வன்மை வேண்டும். பிறர் சொல்லும் சொல்லை எடைபோடும் வன்மையும் வேண்டும். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். பேசத் தெரிந்தவனை ஏய்ப்பது எளிதன்று.

நம் இயக்கம் இதை ஏட்டிலிருந்து கற்றுக்கொண்டு வந்ததல்ல. தெருவிலே கற்பித்துக் காட்டியது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் படிப்பகத்துத் திண்ணையிலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் கேட்பார்கள். கேட்டதோடு எழுந்து போய்விடவில்லை. "அது எப்படி?" என்று ஒருவர் கேட்பார். "ஏன் முடியாது?" என்று மற்றொருவர் மடக்குவார். பள்ளியின் பக்கமே போகாதவர்கள் அங்கே வாதிடக் கற்றார்கள். திருவாரூரில் பள்ளி மாணவராய் இருந்தபோதே மு. கருணாநிதி 'மாணவநேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். அச்சு இயந்திரம் இல்லை, பணம் இல்லை. சொல்ல வேண்டிய செய்தி இருந்தது, அதைப் பிறர் ஏற்கும்படி சொல்லவேண்டும் என்ற வேட்கை இருந்தது.

பெரியார் மணிக்கணக்கிலே பேசினார். பேசி முடிக்கும்போது, தாம் சொன்னார் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம், அவரவர் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் கொள்ளுங்கள் என்றார். சிந்தித்துப் பாருங்கள்: தம்மையே நம்ப வேண்டாம் என்று சொன்ன தலைவர் உலகில் எத்தனை பேர்? மயக்குபவனுக்கும் இணங்கவைப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மயக்குபவன் கேள்விக்கு அஞ்சுவான். இணங்கவைப்பவன் கேள்வியை அழைப்பான்.

1943ஆம் ஆண்டு நடந்ததை நினைவூட்ட விரும்புகிறோம். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் குறித்து நாடே இருகூறாய் நின்ற நேரம். அறிஞர் அண்ணா என்ன செய்தார்? தம் கூட்டத்தாரை மட்டும் திரட்டி வைத்துக்கொண்டு கைதட்டல் வாங்கினாரா? சென்னைச் சட்டக் கல்லூரியிலே பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்திலே நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் ஒரே மேடையில் நின்று சொற்போர் நிகழ்த்தினார். எதிர்த்தரப்பிலே நின்றவர்கள் சாமானியர்களா? தமிழ்க்கடலை நீந்தியவர்கள். அவர்கள் பேச, இவர் கேட்டார். இவர் பேச, அவர்கள் கேட்டார்கள். கூடியிருந்தோர் இரண்டையும் கேட்டு எடைபோட்டனர். அந்தச் சொற்போர் 'தீ பரவட்டும்' என்னும் நூலாகவும் வந்தது. இன்று அந்த நூலின் முடிவை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் மாற்றாரை மதித்து, மேடையில் இடம் கொடுத்து, காரணத்தால் வெல்ல முனைந்த முறையை யார் மறுக்க முடியும்?

கல்வியைப் பற்றிய ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம். சொல் எப்படி ஒரு தலைமுறையைக் காத்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1953ஆம் ஆண்டு, முதலமைச்சராய் இருந்த இராசகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். அரசு சொன்ன காரணத்தை நேர்மையாகவே எடுத்து வைப்போம். பள்ளிக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் ஏராளம். கட்டடம் பற்றாது, ஆசிரியர் பற்றாது, பணம் பற்றாது. காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம் என்று பிரித்தால் அதே ஆசிரியர், அதே கட்டடம், இருமடங்கு பிள்ளைகள். உழைப்பின் உயர்வையும் பிள்ளைகள் உணர்வார்கள். இதுதான் ஆச்சாரியாரின் வாதம். கேட்பதற்குக் குற்றமில்லாத வாதம். படித்தவர்கள் பலரே தலையாட்டினார்கள்.

இயக்கம் என்ன செய்தது? ஆச்சாரியார் ஒழிக என்று கத்திவிட்டு வீடு திரும்பியிருந்தால் அந்த வாதம் வென்றிருக்கும். கட்டடக் கணக்கோடு கட்டடக் கணக்காக மோதியிருந்தாலும் மக்களுக்கு விளங்கியிராது. ஊர்தோறும் போய் ஒரு கேள்வியைக் கேட்டார்கள். பிற்பகலிலே வழக்கறிஞரின் பிள்ளை எதைப் பழகும், வண்ணாரின் பிள்ளை எதைப் பழகும்? அவ்வளவுதான். பதிலை மேடை சொல்லவில்லை. கேட்டவர் நெஞ்சமே சொல்லிற்று. வெளுக்கும் துறையும் சவரக் கத்தியும் செருப்புத் தைக்கும் ஊசியும் கண் முன்னே வந்து நின்றன. தாம் பட்ட பாடு தம் பிள்ளைக்கும் சட்டமாகி வருகிறதே என்று தந்தை கலங்கினான். அரசு அதற்கு வைத்த பெயர் எதுவோ, மக்கள் அறிந்த பெயர் ஒன்றுதான்: குலக்கல்வித் திட்டம்! அந்தப் பெயர் வசை அன்று. அந்தத் திட்டத்தின் விளைவை ஒரே சொல்லில் அடக்கிய விளக்கம்.

பெரியார் ஊர்தோறும் முழங்கினார். தி.மு.கழகம் 1953ஆம் ஆண்டின் மும்முனைப் போராட்டத்திலே இதையும் ஒரு முனையாக்கிற்று. காங்கிரசுக்குள்ளிருந்தே எதிர்ப்பு கிளம்பிற்று. 1954ஆம் ஆண்டு ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பிற்பகல் அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது.

இதிலே பாடம் என்ன? கேட்பவனின் வாழ்க்கையிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது முதலாவது. எதிர்த்தரப்பின் வாதத்தை அறிந்து, அதன் வலுவான இடத்திலேயே விடை தர வேண்டும் என்பது இரண்டாவது. முடிவைத் திணிக்காமல், கேட்பவனையே முடிவுக்கு வரச் செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றோடு நான்காவதும் ஒன்று உண்டு: சொல்லுக்குப் பின்னே செயல் நிற்க வேண்டும். பள்ளிக்கு அனுப்புங்கள் என்று பசித்த வீட்டிலே போய் அறிவுரை சொன்னால் யார் கேட்பார்? 1920ஆம் ஆண்டு, பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தர முடிவெடுத்தது. காமராசர் 1956ஆம் ஆண்டு அதை மாநிலம் எங்கும் கொண்டு சென்றார். 2022ஆம் ஆண்டு காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. நூறு சொற்பொழிவு சாதிக்க முடியாததை ஒரு தட்டுச் சோறு சாதித்தது. ஆனால் அந்தத் தட்டு அங்கே வருவதற்கு முன்பு, அதற்காக வாதாடிய நாவுகள் இருந்தன என்பதையும் மறக்கலாகாது.

"அதெல்லாம் பழங்கதை" என்கிறீர்களா? அன்று. அந்த வழக்கு வேறு உடையிலே வந்து நிற்கிறது.

ஒன்றிய அரசு 2023ஆம் ஆண்டு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் என 18 தொழில்கள். பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய். கருவி வாங்க 15,000 ரூபாய். 5 விழுக்காடு வட்டியில் இரு தவணையாக 3 இலட்சம் ரூபாய் வரை கடன். குடும்பவழி வந்த மரபுத் தொழிலில் இருக்க வேண்டும், வயது 18 நிரம்பியிருக்க வேண்டும் என்பவை தகுதிகள். ஆதரிப்போர் வாதம் இது: கட்டாயம் ஏதுமில்லை; வங்கி வாசலிலே இதுவரை விரட்டப்பட்ட கைவினைஞருக்குக் கடன் கிடைக்கிறது; இதில் என்ன தவறு?

நம் தோழர் ஒருவர் தச்சர் ஒருவரிடம் போய் இது குலக்கல்வி என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தச்சர் கேட்பார்: "கந்துவட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறார்கள். வேண்டாம் என்கிறீர்களே, நீங்கள் தருவீர்களா?" இது நியாயமான கேள்வி. இதற்கு முழக்கம் விடையாகாது. முகம் சுளிப்பதும் விடையாகாது. காரணம்தான் விடை.

"ஐயா, உங்களுக்குக் கடன் கிடைக்கட்டும், உழைத்து உயர உங்களுக்கு முழு உரிமை உண்டு. நாங்கள் கேட்பது உங்கள் மகனைப் பற்றி. 18 வயது, கல்லூரி வாசலிலே கால் வைக்கும் வயது. அந்த வயதிலே 500 ரூபாயைக் காட்டி, உன் அப்பன் தொழிலுக்கே வா என்று அழைத்தால், வறுமையில் வாடும் வீடு எந்தப் பக்கம் சாயும்? தொழில் கற்க விரும்பும் எவருக்கும் கற்றுக்கொடுக்கலாமே, குடும்பவழி வந்தவரா என்ற கேள்வி எதற்கு?" — இப்படிப் பேசினால் தச்சர் சிந்திப்பார். தமிழ்நாடு அரசும் 2024ஆம் ஆண்டு இந்த இரண்டையும்தான் கேட்டது: குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்குங்கள், குறைந்த வயதை 35 ஆக்குங்கள் என்றது. ஏற்கப்படவில்லை. 2025ஆம் ஆண்டு, 35 வயது நிரம்பியோர்க்கு, குடும்பத்தின் தொழில் எது என்று பாராமல் கடனும் மானியமும் தரும் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. தச்சரின் கேள்விக்குச் சொல்லால் மட்டுமின்றிச் செயலாலும் தந்த விடை அது. இந்த விவரத்தை விரல் நுனியில் வைத்திருக்கும் தோழரே தச்சரை வெல்வார். அல்ல, அல்ல, தச்சரின் நெஞ்சை வெல்வார்.

இன்றைய பிள்ளைகள் நம் காலத்துப் பிள்ளைகளைவிடப் பன்மடங்கு பேச்சைக் கேட்கிறார்கள். கையிலுள்ள பேசி விடிய விடியப் பேசுகிறது. வரலாறு என்ற பெயரில் பொய் வருகிறது. மருந்து என்ற பெயரில் நஞ்சு வருகிறது. பக்கத்துத் தெருக்காரன் பகைவன் என்று சொல்லும் படமும் வருகிறது. இணங்கவைக்கும் தொழிலை வணிகனும் வஞ்சகனும் நன்றாகக் கற்றிருக்கிறார்கள். இணங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பயிற்சியை மட்டும் நம் பிள்ளைக்கு யாரும் தரவில்லை. சொன்னவர் யார், சான்று என்ன, இதனால் ஆதாயம் யாருக்கு, மறுதரப்பு என்ன சொல்கிறது — இந்த நான்கு கேள்விகளைப் பத்து வயதிலே பழக்கிவிட்டால், அதற்குப் பிறகு எந்தப் பொய்யனும் அந்தப் பிள்ளையிடம் எளிதில் கடை விரிக்க முடியாது.

ஆகவே நாம் வேண்டுவன இவை.

அரசுப் பள்ளிகளிலே, வாரம் ஒரு பாடவேளை சொற்போருக்கு ஒதுக்குக. தலைப்பை அங்கேயே கொடுங்கள். நூலகத்திலே அரை மணி நேரம் தேடட்டும். இந்த வாரம் ஆதரித்துப் பேசிய பிள்ளை, அடுத்த வாரம் அதையே எதிர்த்துப் பேசட்டும். அப்போதுதான் மாற்றான் தரப்பிலும் காரணம் உண்டென்பது விளங்கும். நன்றாகப் பேசியவருக்குப் பரிசு தருவதுபோல், நல்ல கேள்வி கேட்டவருக்கும் பரிசு தருக. கடைசி வரிசைப் பிள்ளைக்கும், குரல் எழும்பாத பெண்பிள்ளைக்கும் முதல் வாய்ப்பு வேண்டும். தூய தமிழ் வரவில்லையே என்று அவர்களைத் தடுக்காதீர். சேரித் தமிழிலும் செம்மையான காரணம் பிறக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்துவிட்டது. பிரம்பு போன இடத்திலே எது வரவேண்டும்? வசைச்சொல் அன்று, விளக்கச்சொல் வரவேண்டும். இதைப் படி என்று ஆணையிடுவதை விட, இதை ஏன் படிக்க வேண்டும் என்று மாணவனை இணங்கவைப்பது கடினம்தான். ஆனால் அப்படிப் படித்தது ஆயுளுக்கும் நிற்கும்.

தொழிலாளத் தோழரே, உமக்கும் ஒரு கடமை உண்டு. அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோருக்கு வைத்திருக்கிறது. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த நாற்காலி உமக்கும் உம் துணைவியாருக்கும் உரியது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாதீர். ஆசிரியர் ஏன் குறைவு, கழிப்பறை ஏன் பூட்டிக் கிடக்கிறது, சொற்போருக்கு ஏன் நேரமில்லை என்று கேளுங்கள். அப்பா அங்கே வாய் திறந்தால், பிள்ளை வகுப்பிலே வாய் திறக்கும்.

கழகக் காளையர்க்குச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். படிப்பகங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன, திறந்து வையுங்கள். ஞாயிறுதோறும் தெருப்பிள்ளைகளைக் கூட்டிச் சொற்போர் நடத்துங்கள். பொதுக்கூட்டத்திலே பத்துப் பேர் பேசினால், பத்து நிமிடம் கேள்விக்கு ஒதுக்குங்கள். அடுக்குமொழி இனிக்கும், ஆனால் அடுக்கினுள்ளே பண்டம் இருக்கிறதா என்று வீட்டிலே திறந்து பார்ப்பார்கள் என்பதை மறவாதீர்.

"கேள்வி கேட்கப் பழக்கினால், நாளை நம்மையே கேட்பார்களே!" என்று அஞ்சுவோர் இருக்கக்கூடும். கேட்கட்டும்! கேள்வியாலே பிறந்த இயக்கம் கேள்விக்கு அஞ்சினால், பிறந்த காரணத்தையே மறந்ததாகும். விடை இருந்தால் சொல்வோம். விடை இல்லையென்றால் தேடுவோம்.

பாட்டன் வாய் பொத்தி நின்றான். தந்தை முழக்கம் எழுப்பினான். பிள்ளை காரணம் கேட்கட்டும், காரணம் காட்டட்டும், காரணத்தால் வெல்லட்டும். அந்தப் பிள்ளையின் உதட்டிலே வைத்திருக்கும் விரலை எடுத்துவிடுவதே இன்று கல்விக்கு நாம் செய்யக்கூடிய தொண்டு. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே அதைத் தொடங்குவோம்!